வகுப்பறையில் அவதானம்

ஆசிரியர் இருவர் ஓரிடத்துக் கூடினால், அவர் பேச்சு எதில் தொடங்கினும், ‘இக்காலத்து மாணாக்கருக்குக் கவனம் இல்லை’ என்னும் முறையீட்டில் வந்து நிற்றல் இயல்பாகிவிட்டது. கைப்பேசியே காரணம் என்பர் சிலர்; சினிமா என்பர் சிலர்; வீட்டு வளர்ப்பின் குறை என்பாரும் உளர். கல்லூரிகளின் ஆசிரியர் அறைகளில் நாடோறும் கேட்கப்படும் இம்முறையீட்டை நாம் மறுக்கப் புகவில்லை. கவனம் சிதறுகின்றது என்பது உண்மையே. ஆயினும், சிதறுவதன் பொறுப்பு முழுவதையும் கேட்போர் தலையில் ஏற்றிவிட்டுச் சொல்வோர் ஒதுங்கிக்கொள்ளுதல் முறையாகாது. மாணாக்கர் மனத்தை வகுப்பில் நிறுத்துதற்கு ஆசிரியர் இன்னும் திறமாகப் பேசக் கற்றல் வேண்டும் என்று பலரும் எண்ணுகின்றனர். நாமோ, அவர் இன்னும் குறைவாகப் பேசி, மாணாக்கரை வினைப்படுத்தக் கற்றல் வேண்டும் என்கின்றோம். அதனை இங்கே சிறிது விரித்துரைப்போம்.

முதலாவது, இக்குறை கைப்பேசியோடு பிறந்ததன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், அந்நூலின் பொதுப்பாயிரத்தில் மாணாக்கரை மூவகையாகப் பகுத்து, அன்னமும் பசுவும் போல்வாரை முதலிலும், மண்ணும் கிளியும் போல்வாரை இடையிலும், ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவற்றை ஒப்பாரைக் கடையிலும் வைத்தார். ஆடு ஒரு செடியில் நிலைத்து மேய்வதில்லை. இங்கொரு தழையும் அங்கொரு தழையும் கடித்துத் திரியும். ஓட்டைக்குடத்தில் வார்த்தது வார்த்தபோதே ஒழுகிப்போம். நெய்யரியோ நெய்யைக் கீழே விட்டுக் கசட்டைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். பனையோலையும் எழுத்தாணியும் அன்றி வேறொன்றும் கையில் இல்லாத மாணாக்கரைக் கண்டு எழுதப்பட்ட உவமைகள் இவை என்பதை நேயர்கள் நினைவிற் கொள்க.

இப்பகுதியை வகுப்பில் நடத்துங்கால் மாணாக்கர் ஒருவரையொருவர் பார்த்து நகைப்பதும், ‘நீ எருமை’, ‘நீ ஆடு’ என்று விலாவில் இடித்துக்கொள்வதும் வழக்கம். ஆனால் அதே பாயிரத்தில் ஆசிரியராகத் தகாதவர்க்கும் நான்கு உவமைகள் கூறப்பட்டுள்ளன. அவற்றை நாம் அத்துணை விருப்பத்தோடு நடத்துவதில்லை! அவற்றுள் இரண்டினை உரிய இடத்தில் எடுத்துக்கொள்வோம்.

‘கவனம்’ என்று நாம் இந்நாளில் வழங்கும் பொருளுக்கு ‘அவதானம்’ என்னும் சொல் நெடுங்காலம் வழங்கிற்று. ஈழத்தமிழர் இன்றும் அதனைப் பேச்சிலும் எழுத்திலும் கையாளுகின்றனர். எட்டுச் செயல்களில் ஒரே காலத்தில் மனம் செலுத்த வல்லாரை அட்டாவதானி என்றும், நூறு செயல்களில் செலுத்த வல்லாரைச் சதாவதானி என்றும் நம் முன்னோர் போற்றினர். நாஞ்சில் நாட்டுக் கோட்டாற்றை அடுத்த இடலாக்குடியில் 1874-ஆம் ஆண்டு பிறந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907-ஆம் ஆண்டு சென்னை விக்டோரியா மண்டபத்தில் அறிஞர் கூடிய அவையில் சதாவதானம் நிகழ்த்திப் பெரும்புகழ் எய்தினார். அவதான அவையின் இயல்பு இது: ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார், மற்றொருவர் ஆண்டும் தேதியும் சொல்லிக் கிழமை கேட்பார், வேறொருவர் கணக்குப் போடுவார், பின்னிருந்து ஒருவர் முதுகின்மேல் சிறு கற்களை எறிவார், இன்னொருவர் இடையிடையே மணியடிப்பார். அவதானி எல்லாவற்றுக்கும் விடை கூறி, விழுந்த கற்களின் தொகையையும் அடித்த மணியின் தொகையையும் இறுதியில் பிழையின்றிச் சொல்லுதல் வேண்டும்.

பாவலர் போன்றாரின் நினைவாற்றல் எல்லார்க்கும் வாய்ப்பதன்று. அதுபற்றி நாம் இங்கே பேசவில்லை. நாம் காட்ட விரும்புவது அவையின் அமைப்பையே. அங்கே அவதானியின் மனம் உறங்குதற்கு இடமில்லை, என்னை? ஒவ்வொருவரும் அவரிடமிருந்து ஏதோ ஒரு விடையை எதிர்பார்த்து அமர்ந்திருக்கின்றனர். இனி நம் வகுப்பறையை நோக்குக. அங்கே ஒருவர் பேசுகின்றார். அறுபது பேர் அமர்ந்திருக்கின்றனர். அந்த அறுபதின்மரிடமிருந்தும் ஒருவரும் யாதொன்றையும் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்க்கப்படாத இடத்தில் மனம் இருத்தல் அரிது. அவதானியின் வேலையை ஆசிரியரே செய்துகொண்டு, மாணாக்கரை வேடிக்கை பார்ப்போராக ஆக்கிவிட்டோம். பின்னர், அவர்கள் வேடிக்கை பார்க்கின்றனர் என்று வருந்துகின்றோம்.

வெறுமனே பார்த்திருத்தல் எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு சான்று உண்டு. இரண்டாம் உலகப்போரில் ராடார்த் திரையைப் பார்த்திருந்த பிரிட்டானியப் படைவீரர், பகைவர் கலத்தின் குறி திரையில் தோன்றியும் அதனைக் காணாது விடுதல் நேர்ந்தது. இதன் காரணத்தை ஆராய்ந்த நார்மன் மாக்வொர்த் என்னும் உளநூலார், கடிகாரம் போன்ற ஒரு கருவி அமைத்தார். அதன் முள் படிப்படியாக நகரும். எப்போதேனும் ஒருமுறை இருபடி தாவும். தாவுவதைக் கண்டவுடன் அறிவித்தல் வேண்டும். இரண்டு மணி நேரம் இதனையே பார்த்திருக்கச் செய்தபோது, முதல் அரைமணி கழிவதற்குள்ளாகவே கண்டறியும் திறன் குறைந்தது என்று 1948-இல் வெளியிட்டார். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். உயிர்காக்கும் தொழிலில் பழகியவர்கள். அவர்களுக்கே அரைமணியென்றால், பதினெட்டு வயது இளைஞன் ஒருவன் உணவுக்குப் பின் வரும் முதல் மணியில், தலைக்குமேல் விசிறி சுழல, சன்னலுக்கு வெளியே காகம் கரைய, ஐம்பது நிமிடம் அசையாது கேட்டிருத்தல் வேண்டும் என்பது எத்துணைப் பெரிய கட்டளை!

கவனத்தைப் பிடித்து நிறுத்த நம்மவர் கையாளும் வழிகள் சில உள. பழமையானது அச்சம். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிரம்பு மட்டுமன்றிக் கோதண்டம் என்னும் தண்டனையும் இருந்தது. பிள்ளையை மேலே கட்டிய கயிற்றில் தொங்கவிடுதலே அது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிகளில் உடல்தண்டனையையும் மனத்தைத் துன்புறுத்தலையும் விலக்கிவிட்டது. கல்லூரியில் பிரம்பு என்றும் இருந்ததில்லை. ஆயினும் அச்சம் வேறு வேடம் பூண்டு வருகின்றது. வருகைப் பதிவைக் குறைத்துவிடுவேன் என்பதும், அகமதிப்பெண்ணில் கைவைப்பேன் என்பதும், பலர் முன்னிலையில் எழுப்பி நிறுத்தி நாணச்செய்வதும் கோதண்டத்தின் பேரப்பிள்ளைகளே. அச்சம் கண்ணைக் கரும்பலகையில் நிறுத்தும், மனத்தை நிறுத்தாது. அஞ்சியவன் மனம் பாடத்தை விட்டு, அடுத்து யார் எழுப்பப்படுவார் என்பதையே எண்ணிக்கொண்டிருக்கும்.

நகைச்சுவையும் கதையும் வேறொரு வழி. ஊறுகாய் இலையில் இருத்தல் நன்று. ஊறுகாயே சோறாகிவிடின் என் செய்வது? நாம் அறிந்த பழைய மாணாக்கர் பலர், தமக்குக் கற்பித்த ஆசிரியர் சொன்ன நகைத்துணுக்குகளை இருபதாண்டு கழித்தும் வரிபிறழாது சொல்வர். அவர் நடத்திய பாடம் யாது என்று கேட்பின் விழிப்பர். இக்காலத்தில் திரையில் படங்காட்டி நடத்தும் முறையும் பரவியிருக்கின்றது. படம் நல்லதே. ஆனால் அறையை இருளாக்கித் திரையில் வரிவரியாக எழுதப்பட்டதை ஆசிரியர் திரும்பி நின்று படிப்பாராயின், அது குறிப்புரை சொல்லி எழுதுவிப்பதன் புது வடிவமேயன்றி வேறன்று. இருள் ஒன்றே அதில் மிகுதி. அதனால் நன்மையடைவார் உறங்குவாரே.

இனி, நாம் சிறந்ததென்று கருதும் வழிக்கு வருவோம். அது வினா. ‘வினா யார்தான் கேட்பதில்லை?’ என்று ஆசிரிய நண்பர் கூறுதல் கூடும். கேட்கின்றோம், கேட்டவுடன் நாமே விடையும் கூறிவிடுகின்றோம். அமெரிக்க நாட்டில் அறிவியற் கல்வியை ஆராய்ந்த மேரி பட் ரோ என்னும் அம்மையார், பல வகுப்புகளின் உரையாடல்களை ஒலிநாடாவிற் பதிந்து அளந்து பார்த்தார். ஆசிரியர் வினாவொன்றைக் கேட்டபின் விடைக்காகக் காத்திருந்தது பெரும்பாலும் ஏறத்தாழ ஒரு நொடியே! அதற்குள் விடை வாராவிடின் வேறொருவரை வினவினர்; அல்லது தாமே விடை கூறினர். கெட்டிக்காரர் என்று பெயரெடுத்தவர்க்கு இன்னும் சிறிது நேரமும், மந்தர் எனப்பட்டவர்க்கு அதனினும் குறைவான நேரமும் தரப்பட்டன என்பதையும் அவர் கண்டார். காத்திருக்கும் நேரத்தை மூன்று நொடியாக உயர்த்துமாறு ஆசிரியரைப் பழக்கியபோது, விடைகள் நீண்டன. தாமே முன்வந்து பேசுவோர் மிகுந்தனர். ‘தெரியாது’ என்று வாளா இருப்போர் குறைந்தனர். மந்தர் எனப்பட்டோரும் வாய் திறந்தனர். 1970-களில் வெளிவந்த இச்செய்தி, ஆசிரியத் தொழிலுக்குக் கிடைத்த மிக மலிவான உதவி என்று நாம் எண்ணுகின்றோம். கட்டடம் வேண்டா, கருவி வேண்டா, அரசாங்க உதவித்தொகை வேண்டா. மூன்று நொடி வாய் மூடியிருத்தல் போதும். மலிவானதாயினும் எளிதன்று. கரும்பலகையருகே நிற்பவர்க்கு மூன்று நொடி மௌனம் முப்பது நொடியாகத் தோன்றும். மாணாக்கர் தம்மை ஏதும் அறியாதவர் என்று நினைப்பரோ என்னும் ஐயமும் எழும். ஐயுற வேண்டுவதில்லை, அம்மௌனத்தில் அவர்கள் ஆசிரியரைப் பற்றி நினைப்பதில்லை, வினாவைப் பற்றியே நினைப்பர்.

வினாவைக் கேட்கும் முறையிலும் ஒன்று கருதத்தக்கது. ‘இராமசாமி, சொல்’ என்று பெயரை முதலில் விளித்தபின் வினாவைக் கூறுவோமாயின், அக்கணமே மற்றை ஐம்பத்தொன்பதின்மரும் விடுதலை பெறுகின்றனர். வினாவை அவைக்குப் பொதுவாக வைத்து, காத்திருந்து, அதன்பின் ஒருவர் பெயரைச் சொல்லுதல் வேண்டும். அப்பெயர் முதற்பெஞ்சியிலேயே வாழும் பெயராக இருத்தலும் ஆகாது. விடை பிழையாயின், ‘தவறு, உட்கார்’ என்று முடித்துவிடாமல், எவ்வாறு அம்முடிவுக்கு வந்தாய் என்று மேலும் வினவினால், பிழையே பாடமாகிவிடும். பிழை சொன்னவனை ஒருமுறை வகுப்பு நகைக்க விட்டுவிட்டால், அவ்வாண்டு முழுவதும் அந்தப் பெஞ்சியிலிருந்து விடை வாராது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். மின்கம்பியும் மின்விளக்கும் உலகிற் பரவுதற்கு வழிகோலிய மைக்கேல் பாரடே, இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் கிறிஸ்துமஸ் விடுமுறைக் காலத்தே சிறுவர்க்கு விரிவுரை ஆற்றிவந்தார். 1860-61-இல் அவர் ஆற்றிய ஆறு விரிவுரைகளும் ஒரு மெழுகுவர்த்தியைப் பற்றியனவே. எரியும் வர்த்தியை அவர் ஊதி அணைப்பார். மேலெழும் புகையினிடத்து, திரியைத் தொடாமல், ஒரு சிறு சுடரைக் காட்டுவார். சுடர் புகைவழியே இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். எரிவது உருகி ஆவியான மெழுகே என்பது அதனால் விளங்கும். இதனை நம் வகுப்பிலும் இரண்டு ரூபாய்ச் செலவிற் செய்யலாம். ஆனால் செய்துகாட்டி விளக்கம் சொல்லிவிட்டால் அது வேடிக்கையோடு முடியும். செய்வதற்கு முன்னரே, ‘எரிவது திரியா, மெழுகா? திரியென்பார் கை தூக்குக. மெழுகென்பார் கை தூக்குக’ என்று கேட்டு, இரு கட்சியாரின் தொகையையும் பலகையில் எழுதிவிடுக. மெழுகென்பாரை நோக்கி, ‘அங்ஙனமாயின் திரியில்லாத மெழுகுக்கட்டி தீக்குச்சி பட்டவுடன் ஏன் பற்றிக்கொள்வதில்லை?’ என்றும், திரியென்பாரை நோக்கி, ‘அங்ஙனமாயின் மெழுகு எங்கே போயிற்று?’ என்றும் வினவுக. அதன்பின் சுடரைக் காட்டுக. கை தூக்கியவன் ஒவ்வொருவனும் தன் மானத்தைச் சிறிது பணயம் வைத்திருக்கின்றான். அவன் கண் அச்சுடரை விட்டு அகலாது.

கவனத்தின் பெரும்பகை எது என்று எம்மைக் கேட்பின், கைப்பேசி என்று கூறோம். குறிப்புரை சொல்லி எழுதுவிக்கும் வழக்கமே என்று கூறுவோம். மணியடித்தது முதல் மணியடிக்கும் வரை ஆசிரியர் தம் ஏட்டிலிருந்து படிக்க, மாணாக்கர் தம் ஏட்டில் எழுத, பாடம் இருவர் மனத்திலும் படாமல் ஓர் ஏட்டிலிருந்து மற்றோர் ஏட்டுக்குச் சென்றுவிடுகின்றது. வகுப்பு அமைதியாக இருக்கும். தாழ்வாரத்தில் நடந்துபோகும் முதல்வர் கண்டு மகிழ்வார். பவணந்தியாரின் உவமைகளுள் இரண்டு இங்கே பொருந்தும். ஒன்று, கழற்காய் பெய்த குடம்: உள்ளே இட்ட முறைப்படி வெளியே வாராமல் முன்னும் பின்னுமாகக் கொட்டும். மற்றொன்று, பஞ்சடைத்த குடுக்கை: சிறிது சிறிதாக அடைத்ததைச் சிறிது சிறிதாகவே பிய்த்தெடுத்தல் வேண்டும். ஆண்டுதோறும் அதே ஏட்டிலிருந்து இரண்டிரண்டு வரியாக வெளிவரும் குறிப்புரையைக் கேட்டிருப்போர்க்கு இப்பஞ்சுக்குடுக்கை புதிதன்று.

அப்பாயிரத்திலேயே இன்னும் வியக்கத்தக்க கருத்தொன்று உண்டு. ஆசிரியர் சொன்னதை மாணாக்கன் ஒழுங்காக ஏற்றுக்கொண்டாலும் அவன் பெறுவது கால் பங்குதான். உடன்பயில்வாரோடு கலந்து பழகுவதால் ஒரு கால். தான் பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய இரண்டு கால் என்பது நன்னூலார் கணக்கு. கவனமின்மை பற்றி முறையிடுவோர் இக்கணக்கைச் சற்றே நோக்குதல் வேண்டும். மாணாக்கன் இமை கொட்டாது கேட்டிருந்தாலும் முக்காற்பங்கு வெளியே நிற்கின்றதே! அம்முக்காலுக்கு நம் கால அட்டவணையில் இடம் எங்கே?

பிள்ளைகள் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் வழக்கம் நம் திண்ணைப் பள்ளிகளில் இருந்ததுதான். 1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரரின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கு அமைந்த விடுதிப் பள்ளியின் தலைமையை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்து நாட்டவர், நாட்டுப் பள்ளியொன்றில் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் பள்ளியிலும் மணலைப் பரப்பினார். மூத்த பிள்ளைகளை இளையோர்க்குக் கற்பிக்க வைத்தார். 1797-இல் இலண்டனில் இதுபற்றி அவர் நூல் வெளியிட, அம்முறை ‘சென்னை முறை’ என்ற பெயரோடு ஐரோப்பாவிற் பரவிற்று. செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச்சென்ற பொருளால் எழுந்த பள்ளி இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றே வழங்குகின்றது. அம்முறையில் ஆயிரம் குறைகள் உண்டு. ஆசிரியர்க்கு ஊதியம் தராமல் பள்ளி நடத்தும் சிக்கன வழியாகவும் அது பயன்பட்டது. எனினும், ஒவ்வொரு பிள்ளையும் எந்நேரமும் எழுதிக்கொண்டோ, ஒப்பித்துக்கொண்டோ, சொல்லிக்கொடுத்துக்கொண்டோ இருந்தது என்னும் ஒரு நன்மையை மறுத்தல் இயலாது. இருபது நிமிடம் பேசியபின் ஆசிரியர் நிறுத்தி, ‘இதுகாறும் சொன்னதைப் பக்கத்திலிருப்பவர்க்கு உம் சொற்களில் எடுத்துரைக்க; பின்னர் அவர் உமக்கு உரைக்க’ என்று நான்கு நிமிடம் விட்டாலே, நன்னூலாரின் அரைப்பங்குக்கு வழி திறந்துவிடும். இரைச்சல் இருக்கும். இருக்கட்டும்.

இவை யாவற்றினும் எம் மனத்தை வருத்தும் செய்தி ஒன்று உண்டு. கவனமற்றவர் என்று ஒதுக்கப்படும் மாணாக்கருள் பலர், கவனமற்றவர் அல்லர்; மொழி விளங்காதவர். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி பயின்று, தம் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதிக்கும் முதல் ஆளாக வருகின்ற பிள்ளை, பொருளாதார வகுப்பில் அமர்கின்றது. ஆசிரியர் ஆங்கிலத்தில், ‘எலாஸ்டிசிட்டி ஆஃப் டிமாண்ட்’ என்கின்றார். பள்ளியில் தான் ‘தேவை நெகிழ்ச்சி’ என்று நன்கு படித்ததையே அவர் சொல்கின்றாரோ என்று அப்பிள்ளை எண்ணிப் பார்ப்பதற்குள் மூன்று வாக்கியங்கள் கடந்துவிடுகின்றன. முதல் வாரத்தில் அவ்வகுப்பில் அதனினும் மிகுந்த கவனத்தோடு கேட்டவர் எவரும் இலர். இரண்டாம் வாரத்தில் களைப்பு. மூன்றாம் வாரத்தில் கடைசிப் பெஞ்சி. அதன்பின் அவர்க்கு ‘கவனமில்லாதவர்’ என்று பெயர். மூன்றாண்டு அப்பெயரைச் சுமந்து, விளங்காதவற்றை மனப்பாடம் செய்து, பட்டத்தை வாங்கிக்கொண்டு வெளியேறுகின்றார். இவ்வநீதிக்கு மாணாக்கர் பொறுப்பாளியல்லர்.

பரீட்சை ஆங்கிலத்தில்தானே என்று விடையிறுப்பர். ஆம், ஆனால் விளங்குதல் முன், பெயரிடுதல் பின். ‘உப்பின் விலை இரட்டித்தால் உங்கள் வீட்டில் உப்பைப் பாதியாகக் குறைப்பார்களா? மல்லிகைப்பூவின் விலை இரட்டித்தால்?’ என்று தமிழில் வினவுக. கடைசிப் பெஞ்சியில் சந்தைக்குப் போய்வருகின்ற பிள்ளைகளே அதிகம். அன்று முதல் விடை அங்கிருந்துதான் வரும். முகூர்த்த நாளில் பூவின் விலை ஏறினும் வாங்குவார் உளர் என்று ஆசிரியரையே மடக்குவாரும் அங்கே உண்டு. அவ்விவாதம் முடிந்தபின், இதற்குத்தான் ஆங்கிலத்தில் இப்பெயர் என்று பலகையில் எழுதுக. அச்சொல் ஒட்டிக்கொள்வதற்கு இப்போது ஓர் இடம் இருக்கின்றது. இங்ஙனம் செய்தல் ஆங்கிலப் பயிற்சியைக் குறைக்குமென்று அஞ்சுவோர், விளங்காத மொழியில் மூன்றாண்டு அமர்ந்திருந்ததால் ஆங்கிலம் கற்றுக்கொண்டவர் எத்துணை பேர் என்று எண்ணிச் சொல்லட்டும்.

‘இவ்வாறெல்லாம் வினவிக்கொண்டும் காத்துக்கொண்டும் இருந்தால் பாடப்பகுதி முடியாதே’ என்பது அடுத்த தடை. இது பொருளற்ற தடையன்று. பல்கலைக்கழகத்தார் பாடத்தை வரையறுக்கும்போது காத்திருக்கும் நேரத்தைக் கணக்கிற் கொள்வதில்லை. ஆயினும் யார்க்கு முடியாது என்று கேட்க வேண்டியிருக்கின்றது. ஏட்டில் முடிந்த பாடம் மனத்தில் தொடங்கவே இல்லையாயின், முடிந்தது யாது? 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்னும் அமெரிக்க உளநூலார் இருவர் ஒரு சோதனையை வெளியிட்டனர். ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தோர், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மிகுதியாக நினைவு கூர்ந்தனர். ஒருமுறை படித்தபின் பாராமல் எழுதிப் பார்த்தோர், ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களை விஞ்சிவிட்டனர். மணி முடிவதற்கு ஐந்து நிமிடத்துக்கு முன் ஏட்டை மூடச்செய்து, இன்று கேட்டவற்றை ஒரு துண்டுத்தாளில் எழுதுக எனப் பணித்தால் அந்நேரம் வீணாகாது. அத்தாள்களை வாங்கிப் படித்துப் பார்க்கும் ஆசிரியர்க்குத் தாம் சொன்னது யாது, அவர்கள் கேட்டது யாது என்பதும் விளங்கும். இதற்கு மதிப்பெண் இடலாகாது. இட்டால் அதுவும் ஒரு பரீட்சையாகி, அச்சத்தின் கட்சியிற் சேர்ந்துவிடும்.

கல்லூரியை நடத்துவோர்க்கும் ஒரு சொல். இரோமில் 1907-இல் சிறுவர் இல்லம் தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார், மூன்று வயதளவினதாகிய ஒரு குழந்தை மரக்கட்டையின் துளைகளில் உருளைகளைப் பொருத்துவதும் எடுப்பதுமாக நாற்பது முறைக்கு மேல் செய்ததைக் கண்டார். மற்றைக் குழந்தைகளைச் சுற்றிலும் பாடச்செய்தும், அதன் நாற்காலியைத் தூக்கி மேசைமேல் வைத்தும் அதன் மனம் பெயரவில்லை. 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர்க்காலம் முழுவதும் இந்நாட்டிலேயே தங்கி ஆசிரியர் பலரைப் பழக்கிய அவ்வம்மையார், ஒருமுகப்பட்ட மனத்தை இடையில் கலைத்தலாகாது என்பதை ஓயாது வற்புறுத்தினார். நம் கல்லூரிகளிலோ, வகுப்பு மெல்ல மெல்லச் சூடேறி, ஒருவன் நல்ல வினாவொன்றைக் கேட்கும் நேரத்தில், சேவகர் சுற்றறிக்கையோடு வாயிலில் நிற்பார். கட்டணம் கட்டத் தவறியோர் பட்டியல் படிக்கப்படும். விளையாட்டுப் போட்டிக்குச் செல்வோர் எழுந்து போவர். மூன்று வயதுக் குழந்தையின் ஒருமுகம் எல்லார்க்கும் இல்லை. வகுப்பு மணியில் எவ்வறிக்கையும் வாராது என ஒரு விதி செய்தால், கவனம் பற்றிய சொற்பொழிவுகள் பத்து நடத்துவதினும் அது மேலாம்.

மாணாக்க நண்பர்க்கு யாம் கூறுவது சிறிதே. கைப்பேசியை அணைத்துப் பைக்குள் வைத்தல் உம் கடன். அதற்கு ஆசிரியர் காவலிருத்தல் உமக்குப் பெருமையன்று. விளங்காதவிடத்து விளங்கவில்லை என்று எழுந்து கேட்டலும் உம் கடனே. நீவிர் கேட்ட வினாவை உள்ளத்தில் வைத்துக்கொண்டு கேளாதிருந்தோர் அவ்வகுப்பில் இருபது பேராவது இருப்பர்.

முடிவாக, ஆசிரிய நண்பர்க்கு ஒரு வேண்டுகோள். வருகின்ற பருவத்தில் நம்முள் ஒவ்வொருவரும் ஒருமுறை, உடன்பணியாற்றும் மற்றோர் ஆசிரியரின் அனுமதி பெற்று, அவர் வகுப்பின் கடைசிப் பெஞ்சியில் ஒரு மணி முழுவதும் அமர்ந்திருத்தல் வேண்டும். குறை காண்பதற்காக அன்று. அங்கிருந்து எவ்வளவு கேட்கின்றது, பலகை எவ்வளவு தெரிகின்றது, எத்தனையாவது நிமிடத்தில் நம் மனமே வெளியே செல்கின்றது என்று அறிவதற்காக. தத்துவமும் உளநூலும் வேறு துறையார்க்கு விளங்காவென்னும் கவலை வேண்டா. விளங்காமையே நன்று, நம் பிள்ளைகளின் நிலை அப்போது தெரியும். காலை முதல் மணியினும் உணவுக்குப் பின் வரும் மணியே இதற்குத் தக்கது. கடைசிப் பெஞ்சியில் இடம் கிடைத்தல்தான் அரிது. மாணாக்கர் இருவர் சற்றே நெருங்கி அமர வேண்டியிருக்கும்.